பாதி ஓட்டுநர், முழுச் சம்மன்

காடி தானாகவே ஓடும் என்கிறார்கள். சந்தோஷம். சம்மனையும் அதுவே கட்டிவிடுமா என்று கேட்டால் ஷோரூம் பையன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் ஒன்பது வருடத் தவணை.

2020 அக்டோபர் 27. ஊரே முகக்கவசத்துக்குள் இருந்த நேரத்தில் புரோட்டோன் தன் எக்ஸ்50 காரை வெளியிட்டது. நான்கு வகை. விலை 79,200 வெள்ளியில் தொடங்கி 103,300 வெள்ளியில் முடிந்தது. உச்சியில் இருந்த ஒரே ஒரு வகைக்கு மட்டும் 'இரண்டாம் நிலை' தானோட்டம். முன்னே போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும், நிற்கும், மறுபடி கிளம்பும். இரண்டு கோட்டுக்கு நடுவில் தன்னைப் பிடித்துக்கொள்ளும். "ஹாய் புரோட்டோன்" என்று கூப்பிட்டால் கண்ணாடியைக்கூட இறக்கும். அடுத்த மார்ச்சில் பெரோடுவா அத்திவா வந்தது. அந்த நவம்பரில் புதுப்பித்த மைவி வந்தது. அதிலும் உச்ச விலைக்காரருக்குக் கிட்டத்தட்ட இதே வித்தைகள். ஆக, எந்தச் சாலையிலும் எவருக்கும் வழிவிடாத வாகனம் என்று இந்த நாடே கேலி பேசும் மைவி, முன்னால் போகிறவனிடம் இடைவெளி விடக் கற்றுக்கொண்டது. ஓட்டுகிறவர் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் வண்டிக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அது என்ன இரண்டாம் நிலை? அமெரிக்கப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 2014-இல் பூஜ்யம் முதல் ஐந்து வரை படிகள் வைத்தது. ஐந்தாம் படியில் நீங்கள் பின்னால் படுத்துத் தூங்கலாம். அந்தப் படியில் இதுவரை யாரும் கடையில் கார் விற்கவில்லை. இரண்டாம் படியில் ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் வண்டி பார்த்துக்கொள்ளும். வண்டியை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் சாலையில், கை ஸ்டீயரிங்கில், மனம் முழு விழிப்பில். எல்லா வேலையும் செய்யத் தயாராக, எந்த வேலையும் செய்யாமல், மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். அரசாங்க அலுவலகங்களில் சிலருக்கு இந்தப் பயிற்சி ஏற்கெனவே உண்டு. நமக்கு இல்லை.

விளம்பரத்தில் அந்த வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அங்கே மழை பெய்யாது. மாடு வராது. பணத்தைக் கட்டி, சாவியை வாங்கி, கையுறைப் பெட்டியைத் திறந்தால் கையேடு இருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற உறுதியோடு அச்சடித்த புத்தகம். படித்துப் பாருங்கள். கனத்த மழையில் வேலை செய்யாமல் போகலாம். எதிர்வெயிலில் போகலாம். கண்ணாடி அழுக்காக இருந்தால், கோடு அழிந்திருந்தால், வளைவு கூர்மையாக இருந்தால், யாராவது திடீரென்று குறுக்கே வந்தால் போகலாம். இது ஒரு கம்பெனியின் குறை இல்லை. எல்லாக் கம்பெனிக் கையேடும் ஒரே வக்கீல் எழுதியதுபோலத்தான் இருக்கும். மழை, வெயில், வளைவு, அழிந்த கோடு, திடீர் மோட்டார். இவ்வளவையும் கழித்தால் கெடா மாநிலத்தில் மிஞ்சுவது ஷோரூம்தான்.

நம்பாதவர்கள் செமிலிங் பக்கம் ஓட்டிக்கொண்டு வரலாம். பீடோங்கில் திரும்பி, ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தாண்டி, செமிலிங் வழியாக மெர்போக் போகிற சாலை. ஒரு பக்கம் ஜெராய் மலை. இன்னொரு பக்கம் ஆறு. நடுவில் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் கித்தா. முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேமரா பாவம், வெள்ளைக் கோட்டைத் தேடும். இந்த மாதிரித் தோட்டப் பக்கத்துச் சாலைகளில் ஓரக்கோடு சில இடத்தில் புல்லுக்கு அடியில் இருக்கும், சில இடத்தில் போன மாதம் ஒட்டுப்போட்ட தாருக்கு அடியில். காடி குழம்பும். பீப் அடிக்கும். கோட்டைத் தேடுவதை விட்டுவிட்டேன், நீயே பார்த்துக்கொள் என்று திரையில் ஒரு சின்னப் படம் போடும். உள்ளூர் ஓட்டுநர் குழம்ப மாட்டார். கோடு இல்லாமலே ஓட்டிப் பழகியவர் அவர். ஒரு லட்ச வெள்ளிக் காடிக்கு இங்கே தேவைப்படுவது ஒரு டின் வெள்ளைச் சாயம். அதற்குத்தான் ஒதுக்கீடு இல்லை.

கோடு போகட்டும். ஓரத்தில் எதிர்த்திசையில் ஒரு மோட்டார் வரும். அதில் மூன்று பேர். நடுவில் இருக்கும் பிள்ளையின் புத்தகப் பை இரண்டு பக்கமும் பிதுங்கும். அந்தி சாய்ந்தால் தார் சூட்டுக்கு மாடு வந்து படுக்கும். அது யாருடைய மாடு என்று ஊருக்கே தெரியும், அடிபட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி விளக்குப் போடாமல் திரும்பும். வெளிநாட்டில் வளர்ந்த மென்பொருளுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது?

செமிலிங் இருக்கும் இந்தப் பூஜாங் பள்ளத்தாக்கில் நிறுத்தத் தெரியாத இயந்திரங்களுக்குப் பழைய வரலாறு உண்டு. பதினோராம் எண் சண்டி என்ற பழங்கோயில் மிச்சத்தை ஒரு மேம்பாட்டாளரின் ஆட்கள் இடித்துத் தள்ளிய செய்தி 2013-இல் வெளியே வந்தது. பல நூற்றாண்டு நின்ற கோயில் அடித்தளம் ஓர் இயந்திரத்தின் முன்னால் நிற்கவில்லை. அந்த இயந்திரத்தில் ஓட்டுநர் முழு விழிப்போடுதான் இருந்தார். எந்த சென்சாரும் பீப் அடிக்கவில்லை. எந்த இலாகாவும்தான்.

தீபாவளிக்கு முந்திய வாரம் ஓர் ஒட்டுக்கடை முன்னால் நடந்த பேச்சு இது. பினாங்குத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன் புதுக் காடியில் வந்திருந்தான். இருக்கையில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. அப்பா தோட்டத்து லாரியிலேயே தலை நரைத்தவர்.

"அப்பா, ஹைவேல கைய எடுத்துட்டேன்னா அதுவே போவும்."

"அதுவே போனா நீ எதுக்குடா உள்ள இருக்க?"

"சும்மா பாத்துக்கிட்டு இருக்கணும்பா."

"எத?"

"அது சரியா ஓட்டுதான்னு."

பெரியவர் கோப்பியை ஆற்றினார். "இடிச்சிட்டா?"

"இன்சூரன்ஸ் இருக்குப்பா."

"அது இருக்கட்டும். சம்மன் யாரு பேருக்கு வரும்?"

மகன் காடியைப் பார்த்தான். காடி ஒன்றும் சொல்லவில்லை.

"கங்காணிக் கணக்குடா இது. பாலு கூடுனா அவன் பேரு. கொறஞ்சா நம்ம பேரு."

இரண்டாம் நிலைத் தானோட்டத்தின் சட்ட நிலைமையை எந்த வழக்கறிஞரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஒழுங்காக ஓட்டினால் அது தொழில்நுட்பம், விளம்பரத்தில் வரும். இடித்தால் அது ஓட்டுநரின் அலட்சியம், போலீஸ் அறிக்கையில் வரும்.

உலகத்திலும் இதுதான் நடக்கிறது. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலத்து டெம்பி நகரத்தில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை அடித்துக் கொன்றது. காவலுக்கு உட்கார வைத்த ஓட்டுநர் கைத்தொலைபேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்று விசாரணையில் வந்தது. தப்புதான். மன்னிக்க வேண்டாம். ஆனால் மிச்சத்தையும் படியுங்கள். அது வால்வோ கார். வால்வோ வைத்த தானியங்கி அவசர பிரேக் அதில் இருந்தது. ஊபரின் மென்பொருள் ஓடும்போது அந்த பிரேக்கை அணைத்து வைத்திருந்தார்கள். பாதசாரிக் கோடு இல்லாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடப்பார் என்பதையே அந்த மென்பொருள் கணக்கில் எடுக்கவில்லை. செமிலிங்கில் ஒரு மாலை நின்றிருந்தால் தெரிந்திருக்கும். 2019-இல் அரசு வழக்கறிஞர், நிறுவனத்தின் மேல் குற்றவழக்கு இல்லை என்றார். 2023-இல் அந்த ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் போனார். மென்பொருள் எழுதியவன் வெளியே. பிரேக்கை அணைத்தவன் வெளியே. உட்கார்ந்திருந்தவர் கூண்டில்.

ஒரே ஒரு விரிசல் சமீபத்தில் விழுந்திருக்கிறது. 2019-இல் புளோரிடாவில் ஒரு டெஸ்லா ஓட்டுநர், கீழே விழுந்த கைத்தொலைபேசியைக் குனிந்து தேடியபோது, ஓரமாக நின்ற வண்டியில் கார் மோதி, பக்கத்தில் நின்ற இளம்பெண் இறந்தார். 2025 ஆகஸ்டில் மயாமி நடுவர் குழு, மூன்றில் ஒரு பங்குப் பொறுப்பு கம்பெனிக்கும் உண்டு என்று சொல்லி, 24 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. கம்பெனி ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டால்தான் ஆச்சரியம்.

பொறுப்பை எழுதி ஏற்றுக்கொண்ட கம்பெனியும் உண்டு. 2022-இல் மெர்சிடிஸ் ஜெர்மனியில் மூன்றாம் படி வசதியை விற்கத் தொடங்கியது. குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், வண்டி தானாக ஓடும் நேரத்தில் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பு என்றது. அன்று எந்த வேகத்தில் தெரியுமா? மணிக்கு 60 கிலோமீட்டருக்குள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 60-இல் போனால் பின்னால் வரும் எண்ணெய் லாரிகூட விளக்கடிக்கும். கவனியுங்கள். பொறுப்பு கம்பெனி தலையில் என்றபோது 60-இல் தொடங்கினார்கள். பொறுப்பு உங்கள் தலையில் என்றால் 110-இலும் தாராளமாக ஓடும்.

மனிதனால் சும்மா உட்கார்ந்து காவல் காக்க முடியாது என்பது புதுச் செய்தி இல்லை. 1983-இல் லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற ஆய்வாளர் தானியக்கத்தின் முரண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பேசியது தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றி. சுலபமான வேலையை இயந்திரத்திடம் கொடுக்கிறீர்கள். இயந்திரம் கைவிரிக்கும் கடினமான நொடியை மட்டும் மனிதனிடம் கொடுக்கிறீர்கள். அவனோ வேலை செய்து பழக்கம் விட்டுப்போய், சலித்துப்போய் உட்கார்ந்திருப்பான். அந்த நொடியில் அவன் எப்படி எழுந்து காப்பாற்றுவான்? இதுதான் அவர் கேட்டது. அதே 1983-இல்தான் புரோட்டோன் நிறுவனம் பதிவானது. நாற்பது வருடமாகக் கேள்வி அங்கேயே நிற்கிறது. கார்தான் மாடல் மாறிக்கொண்டே வருகிறது.

2022-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் ஓட்டுநர்களைக் கேட்டது: உங்கள் காரை முழுத் தானோட்டிபோல நடத்துவதில் உங்களுக்குத் தயக்கம் உண்டா? ஜெனரல் மோட்டார்ஸின் சூப்பர் குரூஸ் வைத்திருந்தவர்களில் 53 விழுக்காட்டினர் தயக்கமில்லை என்றார்கள். டெஸ்லாவின் ஆட்டோபைலட்டில் 42. நிஸானின் புரோபைலட்டில் 12. மூன்றும் இரண்டாம் படிதான். எதற்கும் ஐந்தாம் படியின் யோக்கியதை கிடையாது. 2024 மார்ச்சில் அதே கழகம் இப்படிப்பட்ட 14 அமைப்புகளைச் சோதித்தது. ஓட்டுநர் கவனம் சிதறாமல் பார்த்துக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. 11 மோசம் என்று தேறின. ஒன்றே ஒன்று பரவாயில்லை ரகம். நல்லது என்று ஒன்றும் இல்லை. நம் பள்ளிக்கூடத்தில் இந்த மதிப்பெண் எடுத்தால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். இவர்கள் அடுத்த ஆண்டு மாடலோடு வருகிறார்கள்.

ஓட்டுநர்கள் மட்டும் உத்தமர்களா? துணைப்பொருள் கடைக்குள் போய்ப் பாருங்கள். வாசனைப் புட்டிக்கும் கழுத்துத் தலையணைக்கும் நடுவில் ஒரு சாமான் தொங்கும். சீட் பெல்ட் கொக்கியின் உலோக நாக்கு. பெல்ட் இல்லாமல், நாக்கு மட்டும் தனியாக. பளபளவென்று இருக்கும். மேலே உங்கள் காரின் சின்னம் பொறித்திருக்கும், அழகுக்கு. அதைச் செருகிவிட்டால் பீப் நின்றுவிடும். பெல்ட் போட வேண்டாம். பின்னிருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்று 2009 ஜனவரியில் சட்டம் வந்த நாடு இது. சட்டம் ஒரு பக்கம். சத்தத்தை நிறுத்தும் நாக்கு இன்னொரு பக்கம். விற்கிறவன், வாங்குகிறவன், பார்த்தும் பாராமல் போகிற அதிகாரி, மூவரும் ஒரே மாமாக் கடையில் தேதாரிக் குடிக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஆரஞ்சுப் பழத்தை ஸ்டீயரிங்கில் செருகினார்கள், கை இருக்கிறது என்று கார் நம்பட்டும் என்று. அதற்கென்றே செய்த எடைக் கருவி ஒன்றின் விற்பனையை 2018-இல் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை நிறுத்த வேண்டி வந்தது. 2024-இல் வந்த ஓர் ஆய்வில் டெஸ்லா ஓட்டுநர்கள் எச்சரிக்கை எத்தனை நேரத்துக்கு ஒரு முறை வரும் என்று கற்றுக்கொண்டு, சரியாக அந்த நேரத்துக்கு ஸ்டீயரிங்கைத் தொட்டுவிட்டு மறுபடி தங்கள் வேலையைப் பார்த்தார்கள் என்று தெரிந்தது. கார் மனிதனைப் படிக்கிறது என்று நினைத்தோம். மனிதன் காரைப் படித்து முடித்துவிட்டான்.

கம்பெனிகளுக்கு இது தெரியாதா? தெரியும். பெரோடுவா கார்களில் ஒரு வசதி உண்டு. சிவப்பு விளக்கில் நிற்கும்போது முன்வண்டி நகர்ந்தும் நீங்கள் நகராவிட்டால் கார் சத்தம் கொடுக்கும். நீங்கள் ஏன் நகரவில்லை? மடியில் இருக்கும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சாலையில் கைத்தொலைபேசியைத் தொட்டால் 300 வெள்ளி சம்மன். தொடுகிறவரைத் தட்டி எழுப்பத் தொழிற்சாலையிலேயே பொருத்திய மணி. எவ்வளவு கரிசனம்.

அந்த சம்மனாவது உறைக்கிறதா? அதற்கும் மெகா சேல் போட்டார்கள். 50 விழுக்காடு கழிவு, முந்துங்கள் என்று அரசாங்கமே பல முறை கூவியது. 2025 கடைசியிலும் கூவியது. நேர்மையாக உடனே கட்டியவன் முட்டாள் ஆனான். இழுத்தடித்தவன் புத்திசாலி ஆனான். குற்றத்துக்குத் தீபாவளித் தள்ளுபடி கொடுத்த நாட்டில், கார் மட்டும் ஒழுக்கமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்தக் காருக்கே அநியாயம்.

மேலே இருப்பவர்களுக்குக் கனவு மட்டும் குறைவதில்லை. 2019 பிப்ரவரியில் தொழில்முனைவோர் மேம்பாட்டு அமைச்சர் பறக்கும் கார் வருகிறது என்றார். மாதிரி வண்டிக்குப் பத்து லட்சம் வெள்ளிக்குச் சற்று மேல் செலவு என்றார். அந்த ஆண்டே பார்க்கலாம் என்றார். நாடு சிரித்து ஓய்ந்தது. பறப்பது நமக்குப் புதிதா என்ன? பரீட்சைக்குப் போகாமலே கைக்கு வரும் லைசென்ஸுக்கு இந்த நாட்டில் எப்போதோ 'லெசென் தெர்பாங்' என்று பெயர் வைத்தாயிற்று. லைசென்ஸ் பறக்கிறது, கார் பறக்கவில்லை, அவ்வளவுதான் குறை. 2020-இல் சைபர்ஜெயாவில் தானோட்டி வண்டிகளுக்கென்று 7 கிலோமீட்டர் சோதனைப் பாதை திறந்தார்கள். அங்கே கோடு அழிந்திருக்காது என்று நம்பலாம்.

இனிச் சிரிக்க ஒன்றுமில்லை.

2025 மே 13. தெலுக் இந்தானில் ஒரு லாரி கலகத் தடுப்புப் போலீஸ் வாகனத்தில் மோதியது. 9 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். ஜூன் 9 அதிகாலை. கெரிக் அருகே பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிவந்த பஸ் கவிழ்ந்தது. 15 மாணவர்கள் இறந்தார்கள். ஒரு மாதத்துக்குள் 24 பேர். அதற்குப் பிறகுதான் கனரக வாகனங்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிமேல் அரசாங்கத்துக்கு அக்கறை வந்தது. 2025 அக்டோபரிலிருந்து கட்டம் கட்டமாகக் கட்டாயம் என்றார்கள். முதல் கட்டம் எது தெரியுமா? கருவி ஏற்கெனவே இருக்கிற வண்டிகளில் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது. இருந்ததாம். யாரும் பார்க்கவில்லையாம்.

ஒரு லட்ச வெள்ளிக் காரில் அப்பா கொட்டாவி விட்டால் திரையில் கோப்பிக் கோப்பை படம் வரும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓடும் பஸ்ஸில் பெல்ட் இருக்கிறதா என்று சவப்பெட்டி வந்த பிறகு கேட்கிறோம்.

இந்த நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள். 2023-இல் 6,443 பேர். அவர்களில் பெரும்பாலோர் மோட்டாரில் போனவர்கள். தோட்டத்துப் பிள்ளைகள், தொழிற்சாலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள், உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். செமிலிங்கிலிருந்து வடக்கே போனால் குரூண். அங்கேதான் மொடனாஸ் தொழிற்சாலை. கிரிஸ் 110 மோட்டார் அங்கே பிறந்ததுதான். கெடாவில் வேலைக்குப் போகிற பாதிப் பேரின் கால் அந்த மாதிரிக் கப்சாயில்தான் கிடக்கிறது. அவசரமாகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க ஏபிஎஸ் பிரேக் என்று ஒன்று உண்டு. பழைய, எளிய, நிரூபிக்கப்பட்ட சாமான். அதைப் புதிய மோட்டார்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கினார்கள். கைதட்டலாம். தட்டுவதற்கு முன் ஓர் அடிக்குறிப்பு: 150 சிசி முதல் மேலே மட்டும்.

கப்சாய் 110. அல்லது 115. அல்லது 125. சாகிறவன் ஓட்டுகிற மோட்டாருக்கு விதி விலக்கு. வார இறுதியில் கேமரன் மலைக்குக் கூட்டமாகப் போகிற பெரிய மோட்டாருக்கு விதி பொருந்தும்.

கார்களிலும் இதே கதை. 22,000 வெள்ளிக்குப் பெரோடுவா அக்ஸியாவின் ஆகக் குறைந்த வகை இருக்கிறது. முதல் காராக அதைத்தான் பலர் வாங்குவார்கள். அதில் தானியங்கி பிரேக் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் எந்தப் புதுக் காரிலும் அது இருந்தாக வேண்டும், விலை குறைந்த காரிலும்தான். இங்கே உயிருக்கும் வகை உண்டு. உச்ச வகைக்காரனின் உயிர் தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். அடிப்படை வகைக்காரன் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். டேஷ்போர்டில் பிள்ளையார் ஒட்டுவது ஏன் என்று இப்போதாவது புரிகிறதா?

அந்த உச்ச வகைக் காராவது சாலையில் நிற்கும் ஏழையைப் பார்க்குமா? அமெரிக்கக் காப்புறுதிக் கழகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட சோதனை ஒன்றைச் சொல்கிறேன். இரவில் சாலையைக் கடக்கும் மனித பொம்மை. அதற்கு விதவிதமான சட்டை. ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டை தைத்த சட்டையைப் போட்டபோது ஹோண்டா சிஆர்-வியும் மஸ்டா சிஎக்ஸ்-5-உம் தடுமாறின. சாலை ஓரத்தில் வேலை செய்கிறவர்கள் போடுகிற அதே பட்டை. எதைப் போட்டால் நன்றாகத் தெரியும் என்று உலகமெங்கும் தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ, அதைப் போட்டதால் காருக்குத் தெரியவில்லை. சிஎக்ஸ்-5 என்ற பெயரில் மலேசியாவில் ஓடும் கார் எங்கே கோர்க்கப்படுகிறது? கூலிமில். நம் கெடாவில். சோதித்தது அமெரிக்கச் சந்தைக்கான வண்டியை. இங்கே ஓடுவது எப்படிப் பார்க்கிறது என்பதை இங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். சாலை ஓரத்தில் புல் வெட்டுகிறவர் அந்தப் பட்டைச் சட்டையோடு காலையில் வந்து நிற்கிறார். வெயிலில் அது மின்னுகிறது. அவர் பாதுகாப்பாக இருப்பதாக அவர் வீட்டில் நம்புகிறார்கள்.

ஆகவே, ஐயா, அம்மா, இரண்டு வேலை செய்யுங்கள். ஷோரூமில் சோதனை ஓட்டத்தில் "கைய விடுங்க, அதுவே போவும்" என்று சொன்னால், ஒரு வெள்ளைத் தாளை நீட்டுங்கள். கையை விட்டிருக்கும் நேரத்தில் இடித்தால் செலவு யாருடையது, சம்மன் யாருடையது, வழக்கு யாருடையது என்று எழுதிக் கம்பெனி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள். அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, கையை ஸ்டீயரிங்கில் வையுங்கள்.

இரண்டாவது, அடுத்த தேர்தலுக்கு வோட்டு கேட்டு இந்தப் பக்கம் வருகிறவரிடம், கோயில் மண்டபத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், ஏபிஎஸ் ஏன் 150-இல் தொடங்குகிறது என்று கேளுங்கள். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் எத்தனை சிசி என்று காட்டுங்கள்.